கழுத்து நிமிர, கழுத்து திரும்ப

கூன் போடாதே, நிமிர்ந்து உட்கார் என்று சொல்லிச் சொல்லி யாருடைய கழுத்தும் நிமிர்ந்ததில்லை. சொன்னவுடன் நெஞ்சை முன்னே தள்ளி, தோளைப் பின்னால் இழுத்து, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொள்வோம். கவனம் வேலைக்குத் திரும்பிய சில நிமிடங்களில் தலை பழையபடி முன்னால் வந்து நின்றுவிடும். இதைச் சோம்பல் என்று யாரும் நினைக்க வேண்டாம். தலையை அதன் இடத்தில் நிறுத்திவைக்க வேண்டிய தசைகளுக்கு அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் வலு போதவில்லை. அதோடு, மேல்முதுகும் கழுத்து மூட்டுகளும் இறுகிப்போய் இருப்பதால் தலை பின்னால் வர இடமும் இல்லை. வலுவைக் கூட்டி, இறுக்கத்தைத் தளர்த்தினால், நினைவுபடுத்தாமலே தலை பின்னால் வரத் தொடங்கும். அதற்கான பயிற்சிகள்தான் இந்த அத்தியாயம் முழுவதும்.

தலை முன்னால் வந்தால் உள்ளே நடப்பது

பெரியவர் ஒருவரின் தலை ஏறக்குறைய 5 கிலோ எடை இருக்கும். அதைத் தாங்குவது கழுத்திலுள்ள 7 எலும்புகள். மேலே இருக்கும் முதல் எலும்பின் பெயர் அட்லஸ், அதற்கு அடுத்தது ஆக்சிஸ். வண்டி ஓட்டும்போது பின்னால் வருவதைப் பார்க்கத் தலையைத் திருப்புகிறோமே, அந்தத் திருப்பத்தில் கிட்டத்தட்டப் பாதி இந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவிலேயே நடந்துவிடுகிறது. மீதியை மற்ற மூட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்கின்றன.

தலை முன்னால் நகரும்போது கழுத்தின் கீழ்ப்பகுதி முன்பக்கமாக வளைகிறது. அதோடு நின்றுவிட்டால் கண் தரையைத்தான் பார்க்கும். எதிரே இருக்கும் திரையைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தின் மேல்பகுதி பின்பக்கமாக மடங்கியாக வேண்டும். ஆக, ஒரே கழுத்தில் கீழே ஒரு திசை, மேலே அதற்கு எதிர்த்திசை. மண்டையின் அடிவிளிம்பில் உள்ள சிறு தசைகள் நாள் முழுவதும் சுருங்கியபடியே கிடக்கின்றன. மாலையில் பிடரியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் சுகமாக இருக்கிறதே, அந்த இடம் இதுதான். தொண்டைக்குப் பின்னால், எலும்பை ஒட்டி ஓடும் லாங்கஸ் கோலி, லாங்கஸ் கேபிடிஸ் என்ற ஆழ்தசைகளோ வேலையில்லாமல் தளர்ந்துபோகின்றன. அவற்றின் வேலையைக் காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தடித்த தசை எடுத்துக்கொள்கிறது. கழுத்தின் கீழ்ப்பகுதியை முன்னாலும் மேல்பகுதியைப் பின்னாலும் இழுப்பதுதான் அந்தத் தசையின் இயல்பு. உதவிக்கு வந்தவரே கோணலை அதிகமாக்குகிறார்.

2014இல் நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் ஒரு கணக்கு வெளியிட்டார். தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழும் விசை ஏறக்குறைய 27 கிலோவுக்குச் சமம் என்பது அதன் சாரம். கைபேசியைக் குனிந்து பார்க்கும் சிறுவனின் படத்தோடு அது உலகம் முழுக்கப் பரவியது. அது கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, மனிதர்களின் கழுத்தில் அளந்து பார்த்ததில்லை என்பதைப் படத்தைப் பகிர்ந்தவர்கள் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 17 வயதுடைய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கழுத்து நிலையை அளந்து, 2016இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. தலை முன்னால் நிற்பவர்களுக்குக் கழுத்து வலி அதிகம் என்று அதில் தெரியவரவில்லை. குனிவதும் நிமிர்வதும் கழுத்தின் அன்றாட வேலை. மணிக்கணக்கில் ஒரே நிலையில் கிடப்பதும், அதைத் தாங்கும் வலு இல்லாததும்தான் பெரும்பாலோரைத் தொந்தரவு செய்கின்றன. பிள்ளைகளிடம் "கழுத்து ஒடிஞ்சிடும்" என்று பயமுறுத்துவதை நாம் நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே போக்கிவிட வேண்டும். ஸ்கேன் அறிக்கையில் "தேய்மானம்", "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது" என்ற வரிகளைப் படித்த பிறகு, குனியவே அஞ்சுகிறவர்கள் பலர். ஜப்பானில் கழுத்துத் தொந்தரவு எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அதில் இருபது வயதுக்காரர்களும் உண்டு. அறிக்கையில் இருக்கும் அந்த வரி பயிற்சிக்குத் தடை ஆகாது. தடையாவது வேறு சில அறிகுறிகள்.

பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

சட்டைப் பொத்தான் போடும்போது விரல் தடுமாறுகிறதா? கையெழுத்து சமீபமாகக் கோணிப்போயிற்றா? நடக்கும்போது கால் பின்னுகிறதா, செருப்பு காலைவிட்டு நழுவுவது தெரியாமலே போகிறதா? சிறுநீரை அடக்க முடியவில்லையா? இவை கழுத்துக்குள் தண்டுவடம் நெருக்கப்படுவதைக் காட்டுபவை. வலி துளியும் இல்லாமல்கூட இவை வரும், அதனால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடக் கூடாது. கை நாளுக்கு நாள் வலுவிழப்பது, விபத்திலோ வழுக்கி விழுந்ததிலோ தொடங்கிய வலி, காய்ச்சலோடு வரும் கழுத்து விறைப்பு, எடை குறைவதோடு சேர்ந்த வலி, படுத்தாலும் எழுந்தாலும் மாறாமல் இரவில் தூங்கவிடாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வந்த வலி, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரிடம் போங்கள். முடக்குவாதத்துக்கு நெடுநாள் மருந்து சாப்பிடுபவர்களுக்கு மேலே சொன்ன முதல் இரண்டு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கக்கூடும். அவர்களும் படம் எடுத்துப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

இதுவரை அனுபவித்திராத வலி பிடரியில் திடீரென்று வந்து, கூடவே பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது, முகம் கோணுவது என்றால் உடனே 108க்கு அழையுங்கள். கழுத்து, தாடை, இடது கை என்று பரவும் வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் அது இதயமாக இருக்கலாம். அதற்கும் 108தான்.

முடிவெட்டும் இடத்தில் தலையை வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் ஓடுகின்றன. வேகமான திருப்பலில் அந்தத் தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. அரிதுதான். ஆனால் அந்த ஒரு 'டக்' சத்தத்தால் கிடைக்கும் சுகம் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. அவ்வளவு சின்ன சுகத்துக்கு அவ்வளவு பெரிய ஆபத்தை விலை கொடுக்க வேண்டுமா? நாற்காலியில் உட்காரும்போதே "அண்ணே, கழுத்துல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.

சுவரும் நாற்காலியும் போதும்

தொடங்கும் முன் உங்கள் கழுத்து இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் குதிகால், பின்புறம், மேல்முதுகு மூன்றும் தொடும்படி நின்று நேராக எதிரே பாருங்கள். முகவாயைத் தூக்கித் தலையைச் சுவரில் ஒட்டவைக்கக் கூடாது. பின்தலைக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, நாற்காலியில் தோளை அசைக்காமல் உட்கார்ந்து தலையை வலது பக்கம் திருப்பி, அறையில் எந்தப் பொருள் வரை தெரிகிறது என்று குறியுங்கள். பிறகு இடது பக்கம். இளம் வயதில் தலை ஏறக்குறைய 80 பாகை திரும்பும், அதாவது முகவாய் தோளுக்கு நேரே வந்துவிடும். வயதாக ஆகக் குறைவது இயல்பு. இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மூன்றாவது சோதனை படுத்துக்கொண்டு செய்வது. அதுவே முதல் பயிற்சியும் கூட.

ஆமாம் என்று தலையசைத்தல்

பாயிலோ கட்டிலிலோ மல்லாந்து படுங்கள். முழங்கால்கள் மடங்கியிருக்கட்டும். முகம் கூரைக்கு நேராக இருக்கும்படி பின்தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். வாய் மூடியிருக்கட்டும், ஆனால் பல்லைக் கடிக்காதீர்கள். நாக்கு மேலண்ணத்தில் இலேசாகத் தொடட்டும். இப்போது யாரோ கேட்ட கேள்விக்கு மிக மெதுவாக "ஆமாம்" என்பதுபோல் முகவாயை ஓர் அங்குலம் கீழே இறக்குங்கள். தலையைத் துண்டிலிருந்து தூக்கக் கூடாது. பின்தலை துண்டின் மேல் வழுக்கினால் போதும். அந்த நிலையில் மூச்சை இயல்பாக விட்டபடி 10 நொடி இருந்து, தளர்த்துங்கள்.

வாசித்தால் இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். சிகிச்சைக்கு வந்த தையற்காரப் பெண் ஒருவருக்கும் அப்படித்தான் தோன்றியது. விரல் நுனியில் சாக்குக்கட்டியின் நீலம்கூட இன்னும் போகாமல், கடையிலிருந்து நேரே வந்திருந்தார். படுக்கச் சொல்லி, "ஆமான்னு தலையாட்டுங்கம்மா" என்றதும் தலையையே முழுதாகத் தூக்கினார். கழுத்தின் இரு பக்கமும் கயிறு திரித்ததுபோல் அந்தத் தடித்த தசைகள் புடைத்து நின்றன. உதடு இறுகி, மூச்சும் நின்றுபோயிருந்தது. அவருடைய விரலையே அந்தத் தசையின் மேல் வைத்து, "இது இறுகாம செய்யணும்" என்று காட்டிய பிறகு மறுபடி செய்தார். "இவ்வளவுதானா டாக்டர்? இதுக்குப் பேரு பயிற்சியா?" என்றவருக்கு ஏழெட்டு நொடியிலேயே முகவாய் நடுங்க ஆரம்பித்தது. ஒரு நாளில் அத்தனை சட்டைக்குக் காலர் தைப்பவர், தன் தலையைப் பத்து நொடி அந்த நிலையில் வைக்க முடியாததைக் கண்டு அவரே வியந்துபோனார். அந்த நடுக்கம்தான் ஆழ்தசைகள் வேலைக்கு வந்துவிட்டதற்கான அடையாளம்.

நீங்களும் இரண்டு விரலைக் கழுத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தசை கயிறாக எழுந்தால் அசைவைக் குறையுங்கள். 10 நொடி முடியாவிட்டால் 3 நொடியில் தொடங்கலாம். 10 நொடி வீதம் 10 முறை, காலையும் இரவும். இந்தப் பயிற்சியை வகுத்து ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்வெண்டலின் ஜல். கழுத்துக்கடியில் காற்றுப்பையை வைத்து, அதன் அழுத்தத்தை 20 மி.மீ. பாதரச அளவிலிருந்து இரண்டிரண்டாக 30 வரை ஏற்றிப் பயிற்சி தரும் முறை அவருடையது. பிசியோதெரபி நிலையத்தில் உங்களுக்கு அந்தப் பையை வைத்தால் ஆச்சரியப்படாதீர்கள். கழுத்திலிருந்து எழும் தலைவலி உள்ள 200 பேரை வைத்து அவரது குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், 6 வாரச் சிகிச்சையின் பலன் ஓராண்டுக்குப் பிறகும் நீடித்திருந்தது. அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டி ரப்பர் பட்டைக்குப் போகிறவர்கள், அந்தத் தடித்த தசையைத்தான் மேலும் தடிக்கவைக்கிறார்கள்.

முகவாயைப் பின்னால் தள்ளுதல்

இது உட்கார்ந்தோ நின்றோ செய்வது. பார்வை நேர்க்கோட்டில் இருக்க, தலையை மேலும் கீழும் சாய்க்காமல், இழுப்பறையை உள்ளே தள்ளுவதுபோல் முகத்தை அப்படியே பின்னால் கொண்டுபோக வேண்டும். இரட்டை முகவாய் விழும், விழட்டும். இரண்டு நொடி இருந்துவிட்டு விடுங்கள். பரதநாட்டியம் கற்றவர்களுக்கு இது சுலபமாக வரும். அபிநய தர்ப்பணம் சொல்லும் நான்கு கழுத்து அசைவுகளில், கழுத்து முன்னும் பின்னும் போகும் பிரகம்பிதத்தின் பின்பாதி கிட்டத்தட்ட இதுதான். மற்றவர்கள் பெரும்பாலும் தலையைக் குனிந்துவிடுவார்கள், இல்லையென்றால் அண்ணாந்துவிடுவார்கள். கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

நியூசிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி இந்த அசைவைப் பரவலாக்கியவர். கழுத்து நோயாளி தன் கழுத்தைத் தானே சரிசெய்துகொள்ளலாம் என்பதற்காகவே 1983இல் தனி நூல் எழுதினார். அவரது முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய மிக முக்கியமான பாடம் இது: கைக்கு இறங்கும் வலி உள்ளவர்கள் 10 முறை செய்தபின் வலி எங்கே இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். முன்கையில் இருந்த வலி தோள் வரை ஏறி, அங்கிருந்து கழுத்துக்குள் ஒதுங்கினால், கழுத்தில் சற்றுக் கூடினாலும் அது நல்ல திசை, தொடரலாம். வலியோ மரத்துப்போவதோ விரலை நோக்கி இறங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இரண்டாவது நாளும் அப்படியே என்றால் நேரில் காட்டியாக வேண்டும். வலி குறைவதை மட்டும் பார்க்காமல் வலி நகரும் திசையைப் பார்க்கப் பழகியவர்கள் தங்கள் கழுத்தைத் தாங்களே கையாளத் தெரிந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

10 முறை வீதம் ஒரு நாளில் நான்கைந்து தடவை போதும். தேநீர் இடைவேளை, சிக்னலில் பேருந்து நிற்கும் நேரம், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரம் எல்லாம் இதற்குப் பொருந்தும்.

திருப்பமும் மேல்முதுகும்

திருப்பும் பயிற்சியில் கண் முதலில் போகட்டும். வலது மூலையைக் கண்ணால் பார்த்து, பிறகு தலையை அங்கே கொண்டுபோங்கள். கண் போகும் திசையில் கழுத்துத் தசைகள் தாமாகத் தயாராகிவிடும், இறுக்கம் குறைவாக இருக்கும். எல்லைக்கு வந்ததும் இரண்டு மூச்சு இருந்து திரும்புங்கள். பக்கத்துக்கு 10 முறை. உட்கார்ந்து செய்ய வலித்தால், தலையின் பாரம் தெரியாதபடி படுத்துச் செய்யலாம். காதைத் தோளை நோக்கிச் சாய்ப்பதும் இதே விதம்தான். தலையைக் குடத்தைச் சுற்றுவதுபோல் வட்டமாகச் சுழற்றுவதை நான் சொல்லித்தருவதில்லை. எந்தத் திசை இறுகியிருக்கிறது என்பதை அது மறைத்துவிடும், தலைசுற்றல் உள்ளவர்களுக்கு உபத்திரவமும்கூட.

கழுத்து வேலை செய்வது மேல்முதுகின் மேல் உட்கார்ந்துகொண்டு. அது கூனிக் கிடந்தால் கழுத்துக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தும் தலை பின்னால் வராது. ஒரு போர்வையைக் கெட்டியாகச் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளின் நடுவே குறுக்காக வரும்படி தரையில் போட்டு, அதன் மேல் மல்லாந்து படுங்கள். தலைக்குத் தலையணை இருக்கட்டும். கைகளை இரு பக்கமும் விரித்து, மூச்சை நெஞ்சு விரிய இழுத்தபடி மூன்று நான்கு நிமிடம் கிடங்கள். பிறகு போர்வையை ஒரு கையகலம் கீழே நகர்த்தி மீண்டும். எலும்பு அடர்த்தி குறைவு என்று மருத்துவர் சொல்லியிருக்கும் பெரியவர்கள் சுருளைத் தவிர்த்து, நாற்காலி முதுகில் சாய்ந்து இரு கைகளையும் பிடரியில் கோத்து மெதுவாகப் பின்னால் சாய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தோள்பட்டையின் மேல்மூலையில் குத்துவலி உள்ளவர்கள் நீட்டிப்பு ஒன்றையும் சேர்க்கலாம். வலது பக்கம் வலி என்றால் இடது அக்குளைப் பார்க்கும்படி தலையைத் திருப்பிக் குனிந்து, இடது கையைப் பின்தலையில் வைத்து இழுக்காமல் கையின் பாரத்தை மட்டும் கொடுங்கள். வலது கையால் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளலாம். 30 நொடி, இரண்டு முறை.

வலு கூட்டுவது

நீட்டிப்போடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் திரும்பத் திரும்ப வலியோடு வருகிறார்கள். பின்லாந்தில் நெடுநாள் கழுத்து வலியுள்ள 180 பெண் அலுவலக ஊழியர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003இல் வெளியானது. கழுத்துக்கும் தோளுக்கும் வலுப்பயிற்சி செய்தவர்களுக்கும், தாங்குதிறன் பயிற்சி செய்தவர்களுக்கும், நீட்டிப்பும் நடைபோன்ற பொதுப் பயிற்சியும் மட்டும் சொல்லப்பட்டவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. டென்மார்க்கில் 198 அலுவலக ஊழியர்களிடம் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வு இன்னும் எளிமையானது. ரப்பர் பட்டையைக் காலால் மிதித்து, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்கும் ஒரே பயிற்சி. வாரம் 5 நாள், 10 வாரம். நாளைக்கு 12 நிமிடம் செய்தவர்களுக்கு மட்டுமின்றி 2 நிமிடம் செய்தவர்களுக்கும் வலி குறைந்தது. நேரமில்லை என்பவர்களிடம் இந்த ஆய்வைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

ரப்பர் பட்டை இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு கிலோ. கைகளை நேர் பக்கவாட்டில் தூக்காமல் சற்று முன்தள்ளித் தூக்குங்கள், தோள் மூட்டு இடிக்காது. தோள்கள் காதை நோக்கி ஏறக் கூடாது. இன்னொன்று, பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கைகள் பின்னால் போகும்படி இழுப்பது. ஒவ்வொன்றும் 10 முதல் 15 முறை, கடைசி இரண்டு மூன்று சிரமமாக இருக்கும் அளவு எடை வேண்டும். முப்பது முறை சிரமமில்லாமல் செய்ய முடிகிற எடை உங்களுக்குப் பயன்படாது.

கழுத்துக்கு நேரடி வலு கையையே எதிர்விசையாக வைத்துச் செய்வது. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதபடி இரண்டும் ஒன்றையொன்று தள்ளட்டும். முழுப்பலம் வேண்டாம், கால்பங்கு போதும். 8 நொடி. பின்தலையிலும், இரு பக்கமும் இதே போல். தள்ளும்போது முகவாய் சற்று உள்ளே இருக்க வேண்டும், மூச்சை அடக்கவே கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது மிகவும் முக்கியம். சிரசாசனமும் சர்வாங்காசனமும் செய்துவந்தவர்கள், வலி இருக்கும் காலத்தில் அவற்றை ஒத்திவையுங்கள்.

முதல் இரண்டு வாரம் தலையசைப்பு, முகவாய்த் தள்ளல், திருப்பம், போர்வைச் சுருள் இவை மட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வலுப்பயிற்சியைச் சேருங்கள். நோட்டில் குறித்த அளவுகளை மாதம் ஒருமுறை எடுங்கள், தினம் அளந்து மனம் சோர வேண்டாம். திருப்பம் சில வாரத்திலேயே கூடும். சுவருக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி குறைய மாதங்கள் ஆகும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அது அரை விரல் குறைந்தாலே மகிழ்ச்சி. அது குறையாமலே வலி போனவர்களும் நிறைய.

வேலையிடமும் தலையணையும்

லேப்டாப்பை நாலைந்து புத்தகத்தின் மேல் ஏற்றி, தனி கீபோர்டு வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். இருபார்வைக் கண்ணாடி போடுபவர்கள் திரையைக் கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்காக முகவாயைத் தூக்கியே வைத்திருப்பார்கள். திரையை உயர்த்தினால் அவர்களுக்கு வலி கூடும். அவர்கள் திரையைச் சற்றுத் தாழ்த்த வேண்டும், அல்லது கம்ப்யூட்டர் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி வாங்க வேண்டும். நெடுநாள் தீராத பிடரிவலி கண்ணாடிக் கடையில் தீர்ந்த கதைகள் உண்டு. தையல் இயந்திரத்தில் வேலை என்றால் இருக்கையின் பின்பாதியில் மடித்த துணியை வைத்து முன்பக்கம் சரிவாக்கிக்கொள்ளுங்கள். இடுப்பிலிருந்து குனிய முடிவதால் கழுத்து குனிவது குறையும். கீரை ஆய்வது, பூக்கட்டுவது எல்லாம் மடியை விட்டு மேசைக்கு ஏறட்டும். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசவே கூடாது. வண்டி ஓட்டிக்கொண்டு என்றால் உயிருக்கும் ஆபத்து.

எந்த ஏற்பாடும் அரை மணிக்கு மேல் ஒரே நிலையில் இருப்பதை ஈடுகட்டாது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவதே பயிற்சிதான்.

ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தலையணை உயரம் தோளின் அகலத்தை நிரப்ப வேண்டும். மல்லாந்து படுப்பவருக்குத் தாழ்வானது. இலவம்பஞ்சு கட்டிதட்டிப் பள்ளம் விழுந்த தலையணையைப் பிரித்து அடித்துத் தைக்கவோ மாற்றவோ வேண்டும். குப்புறப் படுப்பது இரவு முழுக்கக் கழுத்தை ஒரு பக்கம் திருப்பிவைப்பதற்குச் சமம். காலர் என்கிற கழுத்துப் பட்டையை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால் தசைகள் இன்னும் தளரும்.

காலையில் எழும்போதே பிடித்துக்கொண்டால்

பயிற்சி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒருநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் பிடித்துக்கொள்ளும். பயிற்சியால்தான் வந்தது என்று முழுவதையும் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு எடையும் நீட்டிப்பும் வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை 15 நிமிடம் பிடரியில் போட்டு, படுத்தபடி வலியில்லாத பக்கம் முதலில் திருப்புங்கள். பிறகு வலிக்கும் பக்கம், வலி தொடங்கும் இடம் வரை மட்டும். மணிக்கு ஒருமுறை ஐந்தாறு தடவை. தைலம் தடவலாம், இதமாக இருக்கும், ஆனால் சுளுக்கு வழிக்கிறேன் என்று யாரையும் கழுத்தை முறுக்கவிடாதீர்கள். இத்தகைய பிடிப்பு பெரும்பாலும் சில நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் விட்டுவிடும். பாதித் திருப்பம் வந்ததும் தலையசைப்பில் தொடங்கி, முன்பு தூக்கிய எடையில் பாதியோடு வலுப்பயிற்சிக்குத் திரும்புங்கள். வாரம் தாண்டியும் திருப்பம் வராவிட்டால், அல்லது கைக்கு வலி இறங்கினால், நோட்டையும் எடுத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். முந்தைய மாத அளவுகள் கையில் இருந்தால், எங்கே தொடங்குவது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.